கியா பார்முக்கு எத்தனை வெள்ளி?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும், கீழேயிருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் தங்கை, பீடோரில் இருக்கும் சித்தப்பா மகன், கூடப் படித்த நண்பர்கள் என்று எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "மலைக்கு வரலாம்னு இருக்கோம். எவ்வளவு காசு முடியும்?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். பிறந்து வளர்ந்த மலைக்கு விலை சொல்வது யாருக்குத்தான் எளிது? ஆனாலும் வாசகர்களே, உங்களில் பலரும் இதே கேள்வியோடு இருப்பீர்கள். அதனால் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடம் எங்கே என்று பார்ப்போம். கேமரன் மலைக்கு நம்மவர்கள் வழக்கமாக வரும் வழிகள் இரண்டு. தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா வழியாக வரும் பழைய சாலை ஒன்று. 59 ஆம் எண் கூட்டரசுச் சாலை என்பது இதுதான். வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிசையும். பிள்ளைகளுக்கு ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் பையும் கையில் கொடுத்துவிடுங்கள். மற்றது ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் புதிய சாலை. இது அகலமானது, வளைவும் குறைவு. பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி வடக்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் சாலையின் இரு பக்கமும் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதுதான் கியா பார்ம். கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே உள்ள ஊர் இது. முட்டைக்கோசு, தக்காளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தேன், பூச்செடி, ஸ்ட்ராபெரி எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கும். சுற்றியுள்ள சரிவுகளில் சீன விவசாயிகளின் காய்கறித் தோட்டங்கள் பிளாஸ்டிக் கூரைகளின் கீழ் படிப்படியாக இறங்குகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கே சட்டை மாட்டியது போல இருக்கும். எனக்கு அது அழகாகப் படுவதில்லை, ஆனால் நாம் தின்னும் கீரை அங்கிருந்துதான் வருகிறது.

கியா பார்மை ஒட்டி ஒரு சிறிய சாலை பிரிந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் பிரிஞ்சாங் மலையுச்சிக்கும் போகிறது. உச்சியின் உயரம் 6,600 அடிக்கும் மேல். 1885 இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு எழுதிவைத்தார். ஜே. ஏ. ரசல் என்பவர் 1929 இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933 இல் பாரத் தேயிலைக்காரர்கள் வந்தார்கள். காட்டை அழித்துச் செடி நட்டவர்கள் யார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே அந்தக் கதை தெரிந்த கிழவி ஒருத்தி இருப்பாள். எங்கள் வீட்டில் அது என் அம்மா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதுகில் கூடையோடு கொழுந்து பறித்தவர்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை தங்கை குடும்பம் வந்தது. அவள், மச்சான், மூன்று பிள்ளைகள், அவர்களோடு நானும் அம்மாவும். காலை பத்தரைக்குப் பிரிஞ்சாங்கிலிருந்து கிளம்பினோம். மூன்று கிலோமீட்டர் போவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று! முன்னும் பின்னும் கார்கள், நடுவே சுற்றுலாப் பேருந்துகள். பிள்ளைகள் வேனுக்குள்ளேயே பசி பசி என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் ஒரு பட்டாம்பூச்சித் தோட்டம். வாசலில் டிக்கட் வாங்கப் பணப்பையை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பிள்ளைங்கள கூட்டிட்டுப் போப்பா. எனக்கு முட்டி வலிக்குது. நான் இங்கன உக்காந்திருக்கேன்."

முட்டிவலி இருந்தது உண்மைதான். அதனால்தான் உட்கார்ந்தார் என்று நானும் நம்பிக்கொண்டேன். அங்கே எங்களுக்கு 45 வெள்ளி. அடுத்து ஒரு பூந்தோட்டம், 75 வெள்ளி. அங்கும் அம்மா வாசலில் உட்கார்ந்துவிட்டார். "பூ பாக்கக் காசா? நான் பாக்காத பூவா?" என்று சிரித்தார். நாங்கள் உள்ளே இருந்தபோது தூறல் போட்டது. வெளியே வந்து பார்த்தால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு கடையின் கூரை விளிம்பில் ஒண்டி நிற்கிறார். தங்கையின் கடைசிப் பிள்ளை கேட்டது: "பாட்டி ஏன் மாமா உள்ள வரல?" நான் பதில் சொல்லவில்லை.

நாமே பறிக்கும் ஸ்ட்ராபெரி அரைக் கிலோ 30, பழச்சாறு ஆறு கோப்பை 48, மதியம் எல்லாருக்கும் ஸ்டீம்போட் 160, வண்டி நிறுத்த இரண்டு இடத்தில் 10, பிள்ளைகள் கேட்ட பொம்மைகளும் சாவிக் கொத்துகளும் 40. கூட்டிப் பாருங்கள், 408 வெள்ளி. பெட்ரோலும் நெடுஞ்சாலைக் கட்டணமும் தனி. அந்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. 26 நாள் வேலைக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 57 வெள்ளி 69 காசு. ஆக, ஏழு நாள் வெயிலில் குலை வெட்டியதை மச்சான் ஐந்து மணி நேரத்தில் மலையில் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை வேனில் தங்கையும் அவரும் பேசிக்கொள்ளவே இல்லை. 2025 இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆக உயர்ந்தது நல்லதுதான். ஆனால் டிக்கட்டும் சோளமும் அதுவரை சும்மா இருக்குமா?

உலகமெங்கும் மலைக்கு இதே கதைதான் போலிருக்கிறது. குளிர் நாடுகளில் பனிச்சறுக்கு என்று ஒரு விளையாட்டு உண்டு. காலில் நீளக் கட்டைகளை மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்குவார்கள். இறங்குவதற்குக் காசு இல்லை. மறுபடி மேலே ஏற்றிவிடும் தொங்கு நாற்காலிக்குத்தான் டிக்கட்! அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் வேய்ல் மலையில் 2024-25 பனிக்காலத்தில், கூட்டமான நாள்களில், வாசலில் வாங்கும் ஒருநாள் டிக்கட் 300 டாலரைத் தாண்டியது. நம் காசுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல். அங்கேயும் சாதாரணக் குடும்பங்கள் புலம்பத்தான் செய்கின்றன.

ஆனால் அந்த நிறுவனமே 2008 இல் ஒரு காரியம் செய்தது. பனி விழுவதற்கு முன்பே பணம் கட்டுபவர்களுக்கு, பனிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 579 டாலருக்கு ஒரு சீட்டு விற்றது. முன்னதாகத் திட்டமிடுபவனுக்கு மலிவு, அன்றைக்கு வந்து வாசலில் நிற்பவனுக்குக் கொள்ளை விலை. சனிக்கிழமை ஒரு விலை, செவ்வாய்க்கிழமை ஒரு விலை. காஷ்மீரின் குல்மார்க்கில் கம்பிவண்டிக்கு நிற்கும் கூட்டத்திலும், நம் கெந்திங் மலையில் விடுமுறை நாளில் நிற்கும் வரிசையிலும் இதே சங்கதிதான். கூட்டம் வரும் நாளில் மலை விலையேறிவிடுகிறது. கியா பார்மைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளைக் கேட்டுப் பாருங்கள், வார நடுவில் ஒரு விலையும் வார இறுதியில் வேறொரு விலையும் சொல்வார்கள்.

"வாத்தியாரே, செவ்வாய்க்கிழமை வா என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர். எங்களுக்கு லீவு யார் கொடுப்பது?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சரியான கேள்வி. மலிவான நாளெல்லாம் தன் நேரம் தன் கையில் உள்ளவனுக்குத்தான். நாள் சம்பளக்காரன் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போகும். ஆனால் வேலைச் சட்டப்படி உங்களுக்குச் சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12, அதற்கு மேல் 16. நம்மில் பலர் அதைக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் என்று சேர்த்துவைக்கிறோம். அதில் ஒரே ஒரு நாளைப் பிள்ளைகளுக்காக எடுத்துப் பாருங்கள். மச்சானிடம் இதைச் சொல்லிச் சம்மதிக்கவைக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

2024 மே மாத விடுமுறை. கடைசிச் செவ்வாய்க்கிழமை. அதே ஏழு பேர். விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்தை விட்டுக் கிளம்பி, எட்டு மணிக்குள் எங்கள் வீட்டில் பசியாறிவிட்டார்கள். தங்கை புளிச்சோறும் அவித்த முட்டையும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். குளிருக்குப் புளிச்சோறு எவ்வளவு ருசி என்று சாப்பிட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

முதலில் பிரிஞ்சாங் ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம். பிறகு கியா பார்ம். சாலை காலியாக இருந்தது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: "இன்னைக்கு ஒரே ஒரு டிக்கட்டுதான். எதுக்குன்னு நீங்களே முடிவு பண்ணுங்க." அவர்கள் வேனிலேயே ஓட்டுப் போட்டார்கள். பட்டாம்பூச்சிதான் வென்றது. நானும் தங்கையும் மச்சானும் வெளியே நின்றுகொண்டோம். மூன்று பிள்ளைகளோடு பாட்டியை உள்ளே அனுப்பினோம். "எனக்கு எதுக்குப்பா" என்று ஆரம்பித்தார். "பிள்ளைங்கள பாத்துக்க ஆள் வேணும்ல" என்றேன். அதற்கு மறுப்புச் சொல்ல அவரால் முடியவில்லை. டிக்கட் கொடுத்த பெண் அம்மாவின் மைகார்டைப் பார்த்துவிட்டு வயதானவர்களுக்கு விலை குறைவு என்றாள். இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை எல்லாரும் கையில் எடுத்து வாருங்கள், கேட்டும் பாருங்கள். பினாங்குக் கொடிமலை ரயிலில்கூட மைகார்டு உள்ளவருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு அதைவிடக் கூடிய விலை. முதியவருக்கும் மாணவருக்கும் இன்னும் குறைவு. கேட்காவிட்டால் சில இடங்களில் யாரும் சொல்லமாட்டார்கள்.

நாற்பது நிமிடம் கழித்து வந்தார்கள். அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். உள்ளே இலையைப் போலவே இருக்கும் ஒரு பூச்சியைப் பார்த்தாராம். "கொழுந்துல இதை எத்தனை தடவை தட்டிவிட்டிருக்கேன், பேரு தெரியாது" என்று வழியெல்லாம் அதே பேச்சு. அந்த டிக்கட் துண்டு இன்றும் அவர் வெற்றிலைப் பையில் கிடக்கிறது.

ஸ்ட்ராபெரியை நாங்கள் பறிக்கவில்லை. சந்தையில் ஒரு பெட்டி 10 வெள்ளிக்கு வாங்கினோம். ருசியில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. முதல் கடையிலேயே வாங்காமல் நான்கு கடை நடந்து விலை கேளுங்கள். அவித்த சோளம், தேநீர், வீட்டுக்குக் காய்கறி எல்லாம் சேர்த்து அன்றைய செலவு நூறு வெள்ளியை ஒட்டித்தான் வந்தது.

பிறகு சுங்கை பாலாஸ் சாலையில் ஏறினோம். சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அங்குள்ள தேயிலை நிலையம் திங்கட்கிழமைகளில் வழக்கமாக மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். அகலமான ஓர் ஓரத்தில் வேனை நிறுத்திவிட்டு இறங்கினோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. எதிர்ச் சரிவில் வேலை நடந்துகொண்டிருந்தது. இப்போது கையால் பறிப்பது குறைவு, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலை செய்பவர்களும் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அம்மா பிள்ளைகளை அருகே கூப்பிட்டு இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படி இருக்கும் என்று காட்டினார். பெரியவன் கிள்ளக் கையை நீட்டினான். "கைய வைக்காத! மண்டோர் பாத்தா பேரேட்டுல பேரு வெட்டிருவாரு" என்று அதட்டினார். பத்து வருஷத்துக்கு முன்பே ஓய்வு பெற்றவர்!

காட்டுப் பாதைகளும் இலவசம்தான். தானா ராத்தாவைச் சுற்றி எண் போட்ட பாதைகள் பல உண்டு. பாரிட் அருவிக்குச் சிறு பிள்ளைகளும் நடந்து போய்விடலாம். ஆனால் மற்ற பாதைகளில் வழி தெரிந்தவர் துணையின்றி நுழையாதீர்கள். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச்சில் இந்த மலையில் உலாவப் போனவர்தான், இன்றுவரை திரும்பவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. தலைமையாசிரியர் கையெழுத்தோடு, எத்தனை பிள்ளைகள், எந்த நாள் என்று குறிப்பிட்டு, ஒரு மாதம் முன்பே பண்ணைக்காரர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். நான் மூன்று இடங்களுக்கு எழுதினேன். ஓர் இடத்திலிருந்து பதிலே வரவில்லை. ஓர் இடத்தில் பாதி விலை. மூன்றாவது இடத்தில் ஆசிரியர்களுக்கு மட்டும் டிக்கட், பிள்ளைகளுக்குச் சும்மா.

மதியம் மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். பிற்பகலில் மழை பிடிக்கும். ஆண்டுக் கடைசி மாதங்களில் மண்சரிவும் உண்டு, கிளம்புமுன் சாலை நிலவரம் விசாரித்துக்கொள்வது நல்லது. தாப்பா வழியாக இறங்கினால் லத்தா இஸ்கந்தார் அருவி சாலையோரத்திலேயே கொட்டும். வண்டியை ஓரம் கட்டுங்கள். மீதிப் புளிச்சோற்றை அங்கே தின்னலாம், பிள்ளைகளும் காலை நனைத்துக்கொள்ளட்டும். அதற்கு டிக்கட் இல்லை.