பரீட்சை போயிற்று, படிப்பு?

மலேசியாவில் 1988 முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். பரீட்சையைச் சர்க்கார் 2021இல் எடுத்துவிட்டது. நன்றென்பாரும் தீதென்பாரும் இன்னும் வாதிடுகின்றனர். நமது தோட்டப் பள்ளி உபாத்தியாயரோ இரு கட்சியிலும் சேராதவர்.

"ஆண்டு முழுதும் பழைய வினாத்தாள்களையே உருப்போடச் செய்தோம், ஐயா. கட்டுரைகூட நெட்டுருவே! பெற்றோர் கேட்டதெல்லாம் 'ஏ' எத்தனை என்பதுதான்" என்றார்.

ஆயினும் அவருக்கு மகிழ்ச்சியில்லை. இப்பொழுது வகுப்பிலேயே மதிப்பிட்டு, ஆறு நிலைகளுள் ஒன்றைக் குறித்தனுப்புகின்றனர். மூன்றாம் நிலையென்றால் தன் பிள்ளை வாசிக்குமா, வாசியாதா என்று பால்மரம் வெட்டும் தாய்க்கு எவர் விளக்குவது? இடைநிலைப்பள்ளியிலோ பாடமொழி மலாய். தளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்கின்றனர். அவ்வோராண்டில் மனமொடிந்து பள்ளியை விட்ட சிறுவரை நாமே பேர் பதிந்திருக்கிறோம்.

இதனால் பழைய பரீட்சையை மீட்கவேண்டும் என்போமல்லோம். 1957 முதல் 1964 வரை நடந்த நுழைவுப் பரீட்சை எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்கு இடைநிலைப்பள்ளிக் கதவை அடைத்தது! ஆனால் பால் ஸ்டோரில் நாம் தினந்தோறும் நிறுக்கிறோம். ஆறாண்டு காத்திருந்து நிறுப்பதில்லை. நிறுவையைத் தொழிலாளி கண்ணெதிரே சொல்லியும் விடுகிறோம். உபாத்தியாயரும் அதையே கேட்கிறார்: இரண்டாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்தி ஒரு பக்கம் வாசிக்கச் செய்து, உள்ளதைத் தாயிடம் தமிழில் சொல்லவேண்டுமாம். மேலிடத்து உத்தரவுக்கு அவர் காத்திருக்கவில்லை. வரும் சனிக்கிழமை பத்துத் தாய்மார் வர இசைந்துள்ளனர்.