பழைய ராணுவ வாட்சின் வயது

பழைய ராணுவ வாட்ச் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான். ஆனால் ஜாதகம் இருப்பது முதுகில்!

பிரிட்டிஷ் ராணுவ வாட்ச் என்றால் பின்மூடியில் ஓர் அம்புக்குறி இருக்கும். அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். கூடவே மூன்று 'டபிள்யூ' எழுத்துகள் இருந்தால், 1945-ஐ ஒட்டி ஒமேகா, லாஞ்சின்ஸ், டிமோர் உள்ளிட்ட 12 கம்பெனிகள் செய்து கொடுத்த ரகம். 1967 முதல் 1970 வரை வந்த ஸ்மித்ஸ் வாட்சில் வேலை இன்னும் சுலபம். எண்ணுக்குப் பின் சாய்கோடு போட்டு 68 என்றிருந்தால் 1968.

சரி, பின்மூடியில் யார் வேண்டுமானாலும் பொறித்துவிடலாமே? அங்கேதான் இருட்டு உதவுகிறது. 1945 வாட்சில் இருந்தது ரேடியப் பூச்சு. அதில் ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளில் செத்துவிடும். இன்றும் இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால், பூச்சு பின்னாளில் பூசியது. டயலில் வட்டத்துக்குள் ஆங்கில 'டி' இருந்தால் மட்டும் அவசரப்பட்டுப் போலி என்று ஒதுக்கக் கூடாது. ராணுவமே பிற்காலத்தில் பல வாட்சுகளுக்கு ரேடியத்தை நீக்கி, டிரிடியம் டயல் மாற்றியது.

ஒளி செத்தாலும் ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். அமெரிக்காவில் தூரிகையை உதட்டில் கூராக்கி டயலுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள் 1920-களில் தாடை எலும்பு அரித்து இறந்தார்கள். வயது பார்க்கும் ஆசையில் வாட்சை வீட்டில் திறந்து பூச்சைச் சுரண்ட வேண்டாம். முதுகைப் படித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.