பாடபேதங்களுடன் ஒரு வண்டி

பழைய இருசக்கர வண்டி விளம்பரங்களில் 'ஃபுல்லி மாடிஃபைடு' என்றொரு தொடர் அடிக்கடி வரும். விற்பவர் அதைப் பெருமையாகவே எழுதியிருப்பார். வண்டியின் நுட்பம் அறிந்தவர்களோ அதைப் படித்ததும் மனத்துக்குள் விலையில் ஐயாயிரத்தைக் கழித்துக்கொள்வார்கள். இடைச்செருகல் மலிந்த ஏட்டைக் கையில் எடுக்கும் பதிப்பாசிரியருக்கும் ஏறத்தாழ இதே அயர்வு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தமிழ் வாத்தியாருக்கு எதைப் பார்த்தாலும் சுவடியாகத்தான் தெரியும் என்பது என் மனைவியின் கருத்து. மறுப்பதற்கில்லை.

நான் வாங்கியது 2010-இல் பதிவான யமஹா ஆர்15. 2008-இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த முதல் வடிவம். 149.8 சிசி, நான்கு வால்வு, 17 குதிரைத்திறன். இன்று இந்த எண்களைக் கேட்டு என் மாணவர்கள் புன்னகைப்பார்கள். ஆனால் நூற்றைம்பது சிசி என்றாலே கார்புரேட்டரும் காற்றால் ஆறும் எஞ்சினும்தான் என்றிருந்த காலத்தில், எரிபொருள் உட்செலுத்தலும் ரேடியேட்டரும் டெல்டாபாக்ஸ் சட்டகமுமாக, பந்தயக் களத்து வண்டியின் சின்னத் தம்பிபோல அது வந்து நின்றது. விலை ஒரு லட்சத்தை ஒட்டி. தொகுப்பூதிய விரிவுரையாளனாக இருந்த எனக்கு அன்று அது கண்ணாடிக்கு அப்பால் இருந்த பொருள்.

விற்றவன் என் மாணவன். சோமனூர்ப் பக்கம் ஊர். தந்தை நான்கு விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டுபவர். கைமாறிக் கைமாறி வந்த வண்டியை 2021-இல் வாங்கி, விடுமுறை நாள்களில் பந்தி பரிமாறப் போய்ச் சேர்த்த காசில் ஒவ்வொன்றாக மாற்றியிருந்தான். 2024-இன் இறுதியில் பி.எட். கட்டணத்துக்காக விற்க வேண்டியதாயிற்று. வாங்க ஆளில்லை. 2025-இல் பதினைந்து ஆண்டுப் பதிவு முடிகிறது. வண்டி இருந்த இருப்பில் எந்த ஆய்வாளரும் அதைப் புதுப்பித்துத் தரமாட்டார். "காயலான் கடையில பன்னெண்டாயிரம் சொல்றாங்க ஐயா" என்றான். நான் இருபத்தைந்தாயிரம் கொடுத்தேன். உதவி, ஆசை இரண்டும் அதில் இருந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க நான் முயலவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் ஒரு தாளை எடுத்து மாற்றங்களைக் குறிக்கத் தொடங்கினேன். தாளின் இரு பக்கமும் நிறைந்தது.

பின்சக்கரத்தின் மூல அளவு 100/80-17. அங்கே 140 அளவுள்ள டயர் திணிக்கப்பட்டிருந்தது. அகன்ற டயர் பெரிய வண்டியின் மிடுக்கைத் தரும் என்பது உண்மை. ஆனால் குறுகிய ரிம்மில் அகன்ற டயரைப் பூட்டினால் அதன் ஓரங்கள் இரண்டும் உள்நோக்கி இழுபட, நடுப்பகுதி கூம்பிவிடும். வளைவில் வண்டி சாயத் தயங்கும்; பிறகு எதிர்பாராத கணத்தில் சட்டென்று சாயும். போதாததற்கு டயரின் இடது ஓரம் சங்கிலியில் உரசி உரசிப் பளபளத்திருந்தது. முன்னே, கைப்பிடிகள் இன்னும் தாழ்த்தப்பட்டிருந்தன. முழுதாகத் திருப்பினால் பெட்ரோல் தொட்டிக்கும் கைப்பிடிக்கும் இடையில் கட்டைவிரல் நசுங்கும். மாணவனின் இடது கட்டைவிரல் நகம் கறுத்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. வகுப்பில் மூன்றாண்டு பார்த்த நகம்.

காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு கூம்பு வடிகட்டி. சைலன்சருக்குப் பதில் உள்ளே தடுப்பேதும் இல்லாத ஒரு குழாய். இந்த வகை வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் ஒலி 77 டெசிபல். இது எங்கள் தெரு முனையில் திரும்பும்போதே என் வீட்டு ஜன்னல் அதிரும். எரிபொருளை அளந்து தரும் மின்னணுப் பெட்டி, தனக்குத் தெரிந்த காற்றுப்பெட்டியையும் தனக்குத் தெரிந்த புகைக்குழாயையும் மனத்தில் வைத்தே கணக்குப் போடுகிறது. இரண்டையும் ஒருசேர மாற்றினால் கணக்கு தவறும். காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த கலவையால் எஞ்சின் சூடேறும்; நடுத்தர வேகத்தில் இழுவை செத்துவிடும். சத்தம் கூடியதை வேகம் கூடியதாகக் காது நம்பிவிடுகிறது, அவ்வளவுதான். இவை தவிர, பின்பக்க மட்கார்டு அறுக்கப்பட்டிருந்தது. கண்ணாடிகள் இல்லை. சேலை கார்டு இல்லை.

ஒண்டிப்புதூரில் எனக்கு ஒரு மெக்கானிக்கைத் தெரியும். ஐம்பதைக் கடந்தவர். இளமையில் பந்தயக் குழுக்களோடு இருங்காட்டுக்கோட்டைக்கும், பிறகு 2003-இல் செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் ஓடுதளம் வந்தபோது அங்கும் வேலை பார்த்தவர். வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"ஏனுங்க சார், இது ரேஸ் வண்டியுமில்லீங்க, ரோட்டு வண்டியுமில்லீங்க. போட்டோவுல நிக்கற வண்டிங்க."

அவர் விளக்கியது எனக்குப் புதிது. பந்தயக் களத்தில் விளக்கையும் கண்ணாடியையும் ஸ்டாண்டையும் கழற்றுவார்கள். எதிரே யாரும் வரப்போவதில்லை, விழுந்தால் உடைந்து சிதறக் கூடாது. கழற்றிய கையோடு எஞ்சினின் எண்ணெய்த் திருகாணியைக் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள், அது கழன்று தளத்தில் எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவன் விழுவான் என்பதற்காக. பிரேக் எண்ணெயை ஓயாமல் மாற்றுவார்கள். நம் தெருவோரக் கடைகள் கழற்றுவதை மட்டும் கற்றுக்கொண்டன. கம்பி கட்டுவது புகைப்படத்தில் தெரியாது. மாணவனின் வண்டியில் பிரேக் எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழிகள் கட்டினால் பிரேக் பிடி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. இதில்தான் அந்தப் பையன் தினமும் அவிநாசி சாலை வழியே கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தான்.

மின்கம்பிகளைப் பிரித்தது தனி அத்தியாயம். முகவிளக்கில் ஹெச்ஐடி பல்பு, அதற்கொரு பெட்டி, லாரி ஹாரன், அடிப்பாகத்தில் நீல ஒளிச்சரம். ஒவ்வொன்றுக்கும் மூலக் கம்பியை நடுவில் வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வலப்பக்க சிக்னலைப் போட்டால் ஹாரன் தேய்ந்து முனகியது. எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்து வந்து வேறெங்கோ பொருத்திப் பொருள் கொள்ளும் நச்சினார்க்கினியரின் மாட்டு நினைவுக்கு வந்தது. அவருக்காவது உரை நயம் இருந்தது. மூன்று மாலைகள் போராடிய பிறகு, மொத்தக் கம்பித்தொகுதியையும் மாற்றுவதே நல்லதென்று முடிவாயிற்று. சென்னையில் விடைத்தாள் திருத்தும் பணி வந்தபோது, ஒரு மாலை புதுப்பேட்டைக்குள் நுழைந்தேன். கம்பித்தொகுதி, பழைய ஆனால் உடையாத மூல சைலன்சர், காற்றுப்பெட்டி மூன்றும் மூன்று வெவ்வேறு சந்துகளில் கிடைத்தன. மாற்றுப்படி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா.வுக்குப் புதுப்பேட்டை போல ஓர் இடம் வாய்க்கவில்லையே என்று எண்ணிக்கொண்டேன்.

ரேடியேட்டரைத் திறந்தபோது செம்மண் குழம்பு. குழாய்த் தண்ணீரையே ஊற்றியிருந்தார்கள். "சிறுவாணித் தண்ணியாவே இருக்கட்டுமுங்க சார், குடிக்கத்தான் அமிர்தம். கூலன்ட் ஆகாதுங்க" என்றார் அண்ணன். துரு, சுண்ணாம்புப் படிவு எல்லாவற்றையும் நான்கு முறை கழுவி வெளியேற்றினார். எஞ்சினைப் பிரிக்கும் முன்பு இருவருமே சற்று அஞ்சினோம். இந்த வண்டியின் சிலிண்டர் டயாசில் எனப்படும் சிலிக்கன் கலந்த அலுமினிய வார்ப்பு. உள்ளே இரும்பு உறை கிடையாது. மற்ற வண்டிகளைப்போல லேத்தில் கொடுத்துக் கடைந்து பெரிய பிஸ்டன் போட முடியாது. கீறல் விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். திறந்தார். சுவர் கண்ணாடிபோல் இருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தேநீருக்கு ஆள் அனுப்பினார்.

எண்ணெய்த் திருகாணியின் மரை தேய்ந்திருந்ததைச் சிங்காநல்லூர் லேத் பட்டறையில் சரிசெய்தோம். (மரை என்றால் சங்கப் பாடல்களில் மானினத்தில் ஒன்று, இங்கே திருகுச் சுற்று, பேச்சு வழக்கில் அது கழன்றவன் பைத்தியக்காரன். ஒரே சொல் காட்டிலிருந்து பட்டறை வழியாக மண்டைக்குள் வந்திருக்கிறது.)

எதைக் கழற்றும் முன்பும் மாணவனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். இது ஏன், அது ஏன் என்று. அண்ணனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பெரும்பாலும் "யூடியூப்ல பாத்தனுங்க ஐயா" என்பதே பதில். நீல ஒளிச்சரத்துக்கு நீண்ட மௌனம்தான் பதில். அதுவும் ஒரு விளக்கம்தான். அகன்ற டயருக்கு முதலில் "சும்மா கெத்துக்குங்க" என்றவன், சற்றுக் கழித்து, "மூட்டை ஏத்துனா பழைய டயர் நெளியறாப்ல இருந்துச்சுங்க" என்றான்.

என்ன மூட்டை என்பது பின்னிருக்கைக்கு அடியிலிருந்த இரும்புத் தாங்கியைப் பற்றிக் கேட்டபோது தெரிந்தது. இரு பக்கமும் ஒரு சாண் நீளம் நீட்டிக்கொண்டிருந்த அதை அறுத்தெறிய அண்ணன் கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டார். ஊடை நூல் கோன்களைச் சாக்கில் கட்டித் தறிக்குக் கொண்டுபோகச் செய்ததாம். காலையில் கல்லூரி கிளம்பும் முன் இரண்டு நடை. தறிக்கு உதிரிப் பாகம் பற்றவைப்பவர் செய்து கொடுத்தது. குனிந்து பார்த்தேன். பற்றவைப்பு மணி கோத்ததுபோல் சீராக ஓடியிருந்தது. சட்டகத்தில் புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், இருக்கும் போல்ட் துளைகளிலேயே பொருந்தியிருந்தது. அந்த வண்டியில் செய்யப்பட்ட அத்தனை மாற்றங்களிலும் வண்டியை அறிந்து செய்யப்பட்டது அது ஒன்றுதான். கெத்துக்கென்று கடைக்காரர்கள் செய்ததெல்லாம் வண்டியைக் கெடுத்தன. பிழைப்புக்கென்று ஒருவர் செய்தது கெடுக்கவில்லை. கிரைண்டர் கீழே போயிற்று. மூட்டைக்கு டயர் நெளிந்ததற்கு மருந்து அகன்ற டயரில் இல்லை, சரியான காற்றழுத்தத்தில் இருந்தது. அதை அவனுக்குச் சொல்ல ஒரு கடைக்காரருக்கும் தோன்றவில்லை. டயர் விற்றால்தான் காசு.

உ.வே.சா. தம் பதிப்புகளில் தள்ளிய பாடங்களையும் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் கொடுத்தார். தாம் ஏற்காததைப் பிறர் பார்வையிலிருந்து மறைத்துவிடவில்லை. கழற்றியவற்றை நானும் ஒரு கோணிப்பையில் போட்டு, துண்டுச்சீட்டு கட்டிப் பரணில் வைத்தேன். மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. "சேலை கார்டு மாட்டினப்புறம் கூப்பிடுங்க, வர்றேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். பின்னிருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதியும் அதையே சொல்கிறது. அவள் அதைப் படித்ததில்லை.

பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆய்வு நாளன்று நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. ஆய்வாளர் எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் சரிபார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், கிளப்பச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு தாங்கியைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார். "விடைத்தாள் கட்டு வைக்க" என்றேன். இரண்டு போல்ட்டில் கழன்று வரும் பொருள் என்பதைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். ஐந்தாண்டுகளுக்குப் பதிவு நீண்டது. வாங்கிய விலைக்கு மேல் செலவு முப்பத்தோராயிரம். இந்தக் கணக்கை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பி.எட். தேர்வு முடிந்து மாணவன் ஒருநாள் வந்தான். வாசலில் நின்ற வண்டியை அடையாளம் கண்டதற்கான குறி முதலில் முகத்தில் தெரியவில்லை. தாங்கியைப் பார்த்தபின் தெரிந்தது. பரணிலிருந்து கோணிப்பையை இறக்கிக் காட்டினேன். ஹாரனை எடுத்துப் பார்த்தான், வைத்துவிட்டான். குழாயை மட்டும் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தான்.

"மூணு மாசக் காசுங்க ஐயா, இது."

"எடுத்துட்டுப் போறியா தம்பி?"

"வேண்டாமுங்க. இங்கயே இருக்கட்டும்."

சாவியைக் கொடுத்தேன். கிளப்பியவன், எஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தான். "சத்தமே இல்லீங்களே" என்றான், குறையாகவும் இல்லாமல் நிறையாகவும் இல்லாமல். தெருவில் இறங்கும் முன், நின்ற இடத்திலேயே கைப்பிடியை இடக்கோடி வரைக்கும் மெல்லத் திருப்பினான். தன் கட்டைவிரலையும் தொட்டியையும் பார்த்தான். பிறகு வலக்கோடி. மறுபடி இடக்கோடி.