கொழுந்து படுத்த மாடி

இலங்கையில், நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையில், ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996-ல் ஹோட்டலாகிவிட்டது. பறித்த கொழுந்தைக் காற்றில் வாட்டிய மேல்மாடிகள்தான் இப்போது அறைகள். அதனால்தான் அத்தனை ஜன்னல்! இடிக்காமல் விட்டார்களே, புண்ணியவான்கள்.

1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிறகு கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தவர் என் அத்தை. அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். சில வருஷம் முன்பு அங்கே கூட்டிப் போனேன்.

"இதை நாங்க 'ஸ்டோரு'ம்போம் தம்பி. கொழுந்து நிறுக்கிற இடம் வரைக்கும்தான் வருவோம். மேல ஏறினதே இல்ல."

மெத்தையைத் தடவிப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"ராத்திரிக்கு எவ்வளவுப்பா?"

பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். அதற்கே எழுந்துவிட்டார்.