எக்ஸ் தானாப் போகுது

சிஎன்சி ரவுட்டர் வச்சிருக்கறவங்க, சொந்தமா ஒண்ணு செஞ்சு பாக்கலாம்னு நினைக்கறவங்க அவசியம் படிங்க. மத்தவங்களும் படிக்கலாம், இது ஒரு வாகைப் பலகை வீணாப் போன கதை.

கள்ளக்குறிச்சியில எங்க பெரியப்பா மரச்சிற்பப் பட்டறை வச்சிருக்கார். 2021-ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதே கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்தான். (2019-ல எங்க ஊர் தனி மாவட்டம் ஆனப்பகூட அவர் இவ்வளவு சந்தோஷப்படல.) காலேஜ்ல நான் செஞ்ச மிஷினைப் பட்டறையில வைக்கணும்னு சொன்னப்ப, "குறியீடு உளிக்குக் குடுத்தது, உன் மிஷினுக்கு இல்ல"ன்னார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனா உருவத்தைச் சுத்தி இருக்கற மரத்தை வெட்டி எடுக்கவே அவருக்கு ரெண்டு நாள் ஆகுது. அந்த வேலையை மட்டும் மிஷின் செய்யட்டும், முகம், கண்ணு, நகமெல்லாம் நீங்க செதுக்குங்கன்னு பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சேன்.

முதல் வேலை பூஜை அறைக் கதவுக்கு ஒரு யாளி. ஒன்றரை மணி நேரம் ஒழுங்கா ஓடுச்சு. டீ வாங்கிட்டு வந்து பாத்தா, சுத்தி இருந்த கொடி மொத்தமும் 4 மில்லி இடது பக்கம் நகர்ந்து, யாளியோட மூக்கைச் சீவிட்டுப் போயிருக்கு. பெரியப்பா ஒண்ணுமே சொல்லல. பலகையை எடுத்துச் சுவத்துல சாத்தி வச்சுட்டு டீயைக் குடிச்சார். திட்டியிருந்தா தேவலை.

இதுல ரொம்பக் கடுப்பான விஷயம், லேப்டாப் திரையில எல்லா எண்ணும் சரியா இருந்துச்சு. எக்ஸ் பூஜ்யம்னு காட்டுது, பிட் 4 மில்லி தள்ளி நிக்குது. ஆர்டுயினோவுல ஓடற ஜிஆர்பிஎல், தான் எத்தனை பல்ஸ் அனுப்பிச்சோம்னு மட்டும்தான் எண்ணும். மோட்டார் நிஜமா எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது, கேக்கவும் கேக்காது. அதனால திரையை நம்பி ஒரு தப்பையும் கண்டுபிடிக்க முடியாது.

முதல்ல ஃபைல் மேல சந்தேகப்பட்டேன். ஜி91 எங்கேயாவது விட்டுப்போய், இருக்கற இடத்துலேருந்தே கணக்குப் பண்ணிப் போகுதா? கடைசியில ஜி28 இருந்து, ஹோமிங் செய்யாத மிஷினை எங்கேயோ இழுக்குதா? ரெண்டும் இல்ல. ஸ்பிண்டிலை நிறுத்தி, பிட்டை மேல தூக்கி, அதே ஃபைலைக் காத்துலயே ஓட விட்டேன். பூஜ்யத்துக்குத் திரும்பு வந்தப்ப பென்சில் புள்ளி மேல கரெக்டா நின்னுச்சு. அப்போ ஃபைல் மேல தப்பில்ல.

அடுத்து கப்ளிங். திருகு தளர்ந்து வழுக்குதான்னு பாக்க, தண்டுக்கும் கப்ளிங்குக்கும் குறுக்க மார்க்கர்ல ஒரு கோடு போட்டேன். மறுபடி மரம் வெட்டினப்ப எக்ஸ் தள்ளிப்போச்சு, ஆனா கோடு அப்படியே நேரா இருந்துச்சு. வேகம் தாங்காம ஸ்டெப் விட்டுப்போகுதோன்னு வேகத்தையும் ஆக்சிலரேஷனையும் பாதியாக் குறைச்சேன். அப்பவும் தள்ளிப்போச்சு. நாலு நாள் இப்படியே போச்சு.

பட்டறையில பெரியப்பாகூட வேலை செய்யற அண்ணன் கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கம். அவர் ஊர்ல போன் சிக்னல் சரியா வராததால சின்ன வயசுலேருந்து ரேடியோதான். பட்டறையிலயும் ஒரு பழைய மீடியம் வேவ் பெட்டி பாடிட்டே இருக்கும். அஞ்சாவது நாள் அவர்தான் கேட்டார்: "ஏன் தம்பி, உன் மிஷினைப் போட்டா என் ரேடியோ கரகரன்னு கத்துதே, அந்தக் கத்தல் உன் ஒயருக்குக் கேக்காதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னோட ஸ்பிண்டில் கார்பன் பிரஷ் வச்ச சாதாரண ட்ரிம் ரவுட்டர். லைட்டை அணைச்சுட்டு உள்ள பாத்தா, காத்துத் துவாரம் வழியா நீலமாப் பொறி பறக்குது. பிரஷ் தேஞ்சு போயிருக்கு.

உடனே ஒரு சோதனை. எந்தக் கட்டளையும் அனுப்பாம, ஸ்பிண்டிலை மட்டும் போட்டுட்டு எக்ஸ் கப்ளிங்கையே பாத்துட்டு உக்காந்தோம். மெதுவா, கடிகார முள் மாதிரி அது சுத்துது! நான் ஒண்ணுமே சொல்லல! கடைசியா எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கமே போகுது. ஏன்னா திசையைச் சொல்ற ஒயர்ல பழைய உத்தரவு அப்படியே நிக்குது. பல்ஸ் ஒயர்ல மட்டும் கள்ள பல்ஸ் வந்து சேருது. கணக்குப் போட்டா, மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், அதை எட்டாப் பிரிச்சா 1600. என் ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு 4 மில்லி நகரும். அப்போ ஒன்றரை மணி நேரத்துல அந்தப் பொறி 1600 பொய் சொல்லியிருக்கு.

சரி, ஏன் எக்ஸ் மட்டும்? அதுக்குக் காரணம் நானேதான். ஆர்டுயினோவுக்கும் டிரைவர் பெட்டிக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் தூரம். ஒயையும் இசட்டையும் வேற வழியாக் கொண்டுபோயிருந்தேன். எக்ஸ் சிக்னல் ஒயரை மட்டும், பாக்க அழகா இருக்கட்டும்னு, ரவுட்டரோட 230 வோல்ட் ஒயரோட சேத்து வரிசையா டேக் போட்டுக் கட்டியிருந்தேன். அந்தக் கட்டை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற வச்சேன்.

சரி பண்ணது இவ்வளவுதான். ஆர்டுயினோவை டிரைவர் பெட்டிக்குள்ளயே மாத்தினேன், சிக்னல் ஒயர் ஒரு சாண் ஆச்சு. அதுவும் ஷீல்டு வச்ச ஒயர். ஷீல்டை ஒரு முனையில மட்டும்தான் எர்த் பண்ணணும், ரெண்டு முனையிலயும் பண்ணா அதுவே ஒரு வளையமாகி இரைச்சலைக் கொண்டுவரும். ரவுட்டர் ஒயரை எதிர்ப்பக்கம் கொண்டுபோனேன். புது பிரஷ் ஜோடி போட்டேன். பிறகு ஸ்பிண்டிலைப் போட்டு அரை மணி நேரம் கப்ளிங்கைப் பாத்தோம். அசையவே இல்ல. முழு ஃபைலையும் ஓட்டினேன், பென்சில் புள்ளிக்கே வந்து நின்னுச்சு.

பெரியப்பா இப்போதைக்கு மாம்பலகைதான் குடுத்திருக்கார். வாகை அப்புறம் பாக்கலாமாம். மூக்கு போன யாளி இன்னும் சுவத்துலதான் சாஞ்சிருக்கு.

அண்ணன் ரேடியோவை மிஷின் பக்கத்துலயே கொண்டுவந்து வச்சுட்டார். இப்பவும் லேசாக் கரகரங்குது. அது சத்தம் கூடினா பிரஷ் மாத்தற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தமாம்.