பெரியம்மா வீட்டுத் தொலைபேசி

வீட்டிற்கு ஒரு தொலைபேசி வேண்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு என்று சொன்னால், இன்றைய இளையோர் நம்மை வியப்புடன் பார்க்கின்றனர். 1882-ஆம் ஆண்டிலேயே தொலைபேசி இணைப்பகம் கண்ட நகரம் சென்னை. ஆயினும் நூறு ஆண்டுகள் கடந்த பின்னும், இங்குள்ள நடுத்தரக் குடும்பங்களுக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது.

மயிலாப்பூரில், காட்டுக் கோயில் என்று மக்கள் அழைக்கும் பிரகாச மாதா ஆலயத்திற்கு அருகே குடியிருந்தவர் என் பெரியம்மா. கணவரை இழந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரே மகன் வளைகுடா நாட்டில் பணியில் இருந்தார். மகனின் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஆவலில் 1988-இல் தொலைபேசிக்கு விண்ணப்பித்தார். கூடுதல் வைப்புத்தொகை செலுத்துவோருக்கு முன்னுரிமை தரும் திட்டம் ஒன்று இருந்தது. ஓய்வூதியத்தில் வாழ்ந்தவருக்கு அது இயலவில்லை. பொதுப் பட்டியலில் பெயரைப் பதிந்து, சீட்டைச் செபப்புத்தகத்திற்குள் வைத்துக்கொண்டார்.

நான் அப்போது பூந்தமல்லிக் குருமடத்தில் மாணவன். வெளியே செல்ல அனுமதி கிடைக்கும் நாள்களில் பேருந்தேறி மயிலாப்பூர் செல்வேன். பெரியம்மாவின் சீட்டை வாங்கிக்கொண்டு அலுவலகத்திற்கு நடப்பேன். இணைப்பகத்தில் இடமில்லை என்றனர் சில ஆண்டுகள். இடம் வந்தபின், உங்கள் தெருவுக்குக் கேபிள் இல்லை என்றனர். ஒவ்வொரு வீட்டிற்கும் இணைப்பகத்திலிருந்து தனியே ஓர் இணை செப்புக் கம்பி வரவேண்டும். உள்ளவை நிரம்பிவிட்டால் புதிய கேபிள் புதைக்கும் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். நாடெங்கும் அதுவே நிலை. 1994-இல் வெளியான தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, நாட்டில் ஏறத்தாழ 80 லட்சம் இணைப்புகளே உள்ளன என்றும், 25 லட்சம் பேர் காத்திருக்கின்றனர் என்றும் ஒப்புக்கொண்டது.

அதுவரை பெரியம்மாவுக்குத் துணையாக இருந்தது, தெருமுனை மருந்துக் கடையின் எண். 'பி.பி.' என்று அடைப்புக்குறிக்குள் எழுதி உறவினர்களுக்குக் கொடுத்திருந்தார். அழைப்பு வந்தால் கடைப் பையன் ஓடி வருவான். பெரியம்மா மூச்சு வாங்க விரைவார். பேசி முடித்தபின் கடைக்காரரின் மனைவியோடு அரைமணி நேரம் அமர்ந்துவிட்டுத்தான் திரும்புவார்.

1995-இல் இணைப்பு வந்தது. லைன்மேனுக்குப் பாயசம் கொடுத்தார். கருவியைத் தம் கையால் பின்னிய துணியால் மூடிவைத்தார். அவ்வாண்டுதான் நான் குருத்துவம் பெற்று, அடையாறுப் பகுதியில் உதவிப் பங்குத்தந்தையாகச் சேர்ந்திருந்தேன். பூந்தமல்லியை விட மிக அருகில்தான். ஆனால், செல்வது குறைந்துபோயிற்று. ஞாயிறு மாலையில் ஐந்து நிமிடம் பேசிவிட்டால் கடமை முடிந்ததென எண்ணினேன். "நல்லாயிருக்கேன் சாமி" என்பார். நானும் நிறைவோடு வைத்துவிடுவேன்.

சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு மே மாத இறுதி. மரியா எலிசபெத்தைச் சந்தித்த திருநாளில் மறையுரை ஆற்றினேன். முதிய வயதில் இருந்த உறவினரைத் தேடி மலைநாட்டுக்கு நடந்து சென்ற இளம்பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் மனம் குத்தியது. பெரியம்மாவைப் பார்த்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அன்று மாலையே சென்றேன். கதவைத் திறந்தவரின் வலக்கையில் மாவுக்கட்டு. குளியலறையில் விழுந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. இடையில் மூன்று ஞாயிறுகள் பேசியிருக்கிறோம்!

"ஏன் பெரியம்மா சொல்லவில்லை?" என்றேன்.

"போன்ல சொல்லி உங்களைப் பயமுறுத்தணுமா சாமி? நேர்ல வந்திருந்தா நீங்களே பாத்திருப்பீங்க" என்றார். குரலில் சினம் இல்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் யார் என்று கேட்டேன். மருந்துக் கடைக்காரரின் மனைவி!

அதன்பின் மாதம் இருமுறையாவது சென்றேன். 2003-இல் அவர் இறைவனடி சேர்ந்தபோது அருகில் இருக்கும் பேறு பெற்றேன். அச்செபப்புத்தகம் இன்று என்னிடம் உள்ளது. உள்ளே அந்தப் பதிவுச் சீட்டும்.

இன்று என் பங்கில் கைப்பேசி இல்லாத முதியவர் அரிது. கேட்ட நாளிலேயே இணைப்பு கிடைக்கிறது. கடல் கடந்த பிள்ளைகளின் முகமும் திரையில் தெரிகிறது. அதைக் குறை கூறமாட்டேன். பெரியம்மா ஏழு ஆண்டுகள் ஏங்கிய நலம் அது. ஆனால், முதல் வெள்ளியன்று நற்கருணையோடு இல்லங்களுக்குச் செல்லும்போது, "நல்லாயிருக்கேன் சாமி" என்று வாசலிலேயே ஒருவர் சொன்னால், நான் உள்ளே சென்று சற்று நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். இந்த ஞாயிறு தொலைபேசியில் அழைக்க எண்ணியிருக்கும் வாசகரே, அவ்வீடு பேருந்து செல்லும் தொலைவில்தான் உள்ளதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.