சூடு எங்கே போகும்?

என் மேசை இழுப்பறையில் மூன்று வரைபடத் தாள்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவை: என் மகனுடைய கணினியைத் தண்ணீரால் குளிர்விப்பது எப்படி? முதல் இரண்டு தாள்களையும் நானும் மகனும் எங்கள் அறிவைக் கொண்டு வரைந்தோம். மூன்றாவது தாள், பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத என் தாயார் கேட்ட ஒரு கேள்வியால் பிறந்தது. மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். அந்தக் கேள்வியின் முன் தலைகுனிந்து நின்றதை மறைக்க விரும்பவில்லை.

திருச்சியில் எங்கள் வீடு இரண்டே அறைகள் கொண்டது. கட்டடக் கலைஞர்கள் அனுப்பும் வரைபடங்களை, கட்டி முடிந்த வீடு கண்முன் நிற்பது போன்ற படங்களாக மாற்றித் தருவது மகனின் தொழில். அத்தகைய காட்சி ஒன்றை உருவாக்கக் கணினி சில வேளைகளில் இரவு முழுவதும் ஓயாமல் உழைக்கும். அந்தக் கணினி இருக்கும் அறையில்தான் என் தாயாரின் கட்டிலும் இருக்கிறது. அவருக்கு வயது எண்பத்து நான்கு; மூச்சிரைப்பு உண்டு. குளியலறை அருகிலிருப்பது அந்த அறைக்கு மட்டுமே. ஆகவே கட்டிலையும் நகர்த்த இயலாது. மேசைக்கும் வேறிடம் இல்லை.

2023 ஆம் ஆண்டு கத்திரி வெயிலில் அறைக்குள் நள்ளிரவிலும் 36 டிகிரி வெப்பம் இருந்தது. கணினியின் செயலி 100 டிகிரியைத் தொட்டதும், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விடியற்காலையில் முடிய வேண்டிய வேலை காலை ஒன்பது மணிவரை இழுத்தது. உள்ளிருந்த விசிறிகளோ ஓலமிட்டன. “ராவெல்லாம் மாவு மில்லுக்குள்ள படுத்திருக்கிற மாதிரி இருக்குய்யா” என்று தாயார் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய கண்கள் சிரிக்கவில்லை.

“அப்பா, தண்ணீர் வைத்துக் குளிர்விக்கும் முறை ஒன்று இருக்கிறது, வேண்டிய பாகங்களை நாமே தேர்ந்து பொருத்தலாம். உங்கள் உதவி வேண்டும்” என்றான் மகன். நிரந்தர வேலையை விட்டுவிட்டு அவன் இத்தொழிலுக்கு வந்த நாள்முதல் எங்களுக்கிடையே பேச்சு குறைந்திருந்தது. அவனாக என்னை உதவிக்கு அழைத்தது நெடுநாளைக்குப் பிறகு அதுவே முதன்முறை. உடனே வரைபடத் தாளை எடுத்தேன்.

லாரியின் முகப்பில் ரேடியேட்டர் என்ன செய்கிறதோ, அதுதான் இங்கும் நடக்கிறது. செயலியின் மேல் செப்புக் கட்டி ஒன்று அமர்கிறது. அதனுள்ளே நுண்ணிய செப்புத் தகடுகள் சீப்பின் பற்களைப் போல நெருங்கி நிற்கின்றன. பம்பு தள்ளும் நீர் அவற்றின் இடுக்குகளில் புகுந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கே விசிறிகள் அதை ஆற்ற, நீர் மீண்டும் தன் பயணத்தைத் தொடங்குகிறது. 1981 ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் என்னும் இருவர், சிலிக்கானில் மயிரிழை போன்ற வாய்க்கால்களைச் செதுக்கி நீரைச் செலுத்தி, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 790 வாட் வெப்பத்தை அகற்றிக் காட்டினார்கள். அந்த எண்ணத்தின் சாயலை மகன் வாங்க நினைத்த செப்புக் கட்டியில் கண்டபோது, பழைய ஆசிரியனுக்கு எத்துணை மகிழ்ச்சி!

முதல் தாளில் ஒரு பிழை இருந்தது. விலை மலிவென்று அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை மகன் தேர்ந்திருந்தான். செப்பும் அலுமினியமும் ஒரே நீரில் நின்றால் அது மின்கலமாகிவிடும். அலுமினியம் சிறிது சிறிதாக அரிக்கப்படும். எத்தனை வகுப்புகளுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன்! அந்தத் தாளை ஒதுக்கினோம்.

இரண்டாம் தாளில் ரேடியேட்டரும் செப்பானது. நீல நிறத் திரவமும் வண்ண விளக்குகளும் வேண்டுமென்று மகன் ஆசைப்பட்டான். நாள்பட்டால் சாயம் அந்த நுண்ணிய இடுக்குகளில் படியக்கூடும்; ஆகவே காய்ச்சி வடித்த நீரும் அரிப்புத் தடுப்பு மருந்தும் போதுமென்றேன். அரைமனத்தோடு இசைந்தான். செயலிக்கு 125 வாட், வரைகலை அட்டைக்கு 200 வாட், ஆக 325 வாட். நிமிடத்திற்கு 4 லிட்டர் நீர் ஓடினால், ஒரு சுற்றில் அதன் வெப்பம் ஏறத்தாழ 1.2 டிகிரிதான் உயரும். எனவே நீர் முதலில் செயலிக்குப் போனாலென்ன, அட்டைக்குப் போனாலென்ன, பெரிய வேறுபாடு இராது. பெட்டியின் மேற்புறத்தில் 360 மில்லிமீட்டர் நீளமுள்ள ரேடியேட்டர். அதன்மேல் மூன்று விசிறிகள். கணக்கு நேராக வந்தது. தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டோம்.

கட்டிலில் சாய்ந்திருந்த தாயார் எங்களை வெகுநேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். “ஏய்யா, தண்ணி அந்தப் பொட்டியோட சூட்டைத் தூக்கிக்கிட்டு வருதுங்கிறீங்க. வந்த சூடு அப்புறம் எங்கே போகும்?” என்று கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன்.

வெப்பம் அழிவதில்லை; இடம் மாறுகிறது. இதைத்தானே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன்? ஓய்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 325 வாட் என்றால், மூன்று பேருக்கு மேல் இரவெல்லாம் அந்தச் சிறிய அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பாகும். எங்கள் இரண்டாம் தாளின்படி செயலி குளிர்ந்திருக்கும், ஓசையும் குறைந்திருக்கும். ஆனால் அந்த வெப்பம் முழுவதும், முன்போலவே, மூச்சிரைக்கும் ஒரு மூதாட்டியின் அறைக்குள்தான் கொட்டியிருக்கும். செயலியின் வெப்பத்தைத் தசம புள்ளிவரை கணக்கிட்ட நான், கட்டிலில் இருந்தவரைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

மகன் இரண்டாம் தாளை மெல்ல மடித்து வைத்தான். “அப்பாயி சொல்வது சரிதான் அப்பா. ரேடியேட்டரை வெளியே கொண்டுபோவோம்” என்றான்.

மூன்றாவது தாளுக்கு இரண்டு வாரங்கள் ஆயின. சுவரில் துளையிட்டு இரண்டு குழாய்களைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்திற்குக் கொண்டுபோவது. அங்கே மரச்சட்டத்தில் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர்கள் இரண்டைப் பொருத்துவது. பம்பையும் நீர்த்தொட்டியையும்கூட அங்கேயே வைப்பது. காற்றுக் குமிழிகள் மேல்நோக்கியே செல்லுமாதலால் தொட்டி எல்லாவற்றிற்கும் உயரத்தில் இருக்க வேண்டும். நீரின்றிச் சுழன்றால் பம்பு கெட்டுவிடுமாதலால் அது தொட்டிக்கு நேர்கீழே இருக்க வேண்டும். பம்புக்கான மின்சாரம் கணினியிலிருந்தே செல்ல வேண்டும். மின்தடை வந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். குழாயை அணில் கடிக்காதிருக்க இரும்பு வலைக்கூண்டு. புழுதியைத் துடைக்க வாரம் ஒருமுறை தூரிகை. கணினியைத் தனியே எடுக்க நேர்ந்தால் ஒரு சொட்டும் சிந்தாதபடி, கழற்றியதும் தானே மூடிக்கொள்ளும் இணைப்புகள். பழுது பார்க்க நீரை இறக்குவதற்கு, தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் திருகு.

இழப்பு இல்லாமல் இல்லை. நீரை இம்முறையில் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. பகலில் தாழ்வாரம் 40 டிகிரியில் காயும்போது, நீர் 48 டிகிரிக்குக் குறையாது என்று கணக்கிட்டோம். பம்பு 60 டிகிரிவரை தாங்கும். ஆகவே ஆபத்தில்லை, ஆயினும் பகலில் செயலி சற்று அதிகமாகவே சுடும். இரவிலோ, வெளிக்காற்று அறையைவிடத் தணிந்திருப்பதால், கணினிக்கும் அது நன்மையே. செலவும் கூடியது. வண்ண விளக்குகளுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தை மகன் குழாய்களுக்குத் திருப்பினான்.

தாளைத் தாயாரிடம் காட்டினோம். தாழ்வாரத்தின் படத்தில் விரலை வைத்து, “இங்கேதானே அந்தப் பொண்ணு உக்காந்து பாத்திரம் தேய்க்குது?” என்றார். மீண்டும் அதே கேள்வி! நம் வீட்டுச் சூட்டைச் சுவருக்கு அப்பால் அனுப்பிவிட்டால் போதுமென்று எண்ணினோம். அப்பாலும் ஒரு மனிதப் பிறவி அமர்ந்திருப்பதை எண்ணவில்லை. சட்டத்தை ஏழடி உயரத்திற்கு ஏற்றி, காற்று கொல்லையை நோக்கித் தலைக்கு மேலாகப் போகும்படி திருப்பி வரைந்தோம்.

பொருத்தி முடித்ததும் உடனே கணினியை இயக்கவில்லை. பம்பு ஒன்றை மட்டும் தனியே மின்சாரம் கொடுத்து 24 மணி நேரம் ஓடவிட்டோம். ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் மைதாளைப் பரப்பினோம். கணினிக்குள் ஒரு சொட்டுக் கசிந்தாலும் மகனுடைய சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். வேலையை எதிர்பார்த்திருந்தவர்கள் தொலைபேசியில் அவசரப்படுத்தினார்கள், மகன் பொறுத்தான். பதினொன்றாம் மணி நேரத்தில் ஒரு தாளில் மிளகளவு ஈரம் தெரிந்தது. ரப்பர் வளையம் ஒன்று மடிந்திருந்தது. அதை மாற்றி, மறுபடியும் தொடக்கத்திலிருந்து 24 மணி நேரம் காத்திருந்தோம். அந்த இரவில் நானும் அவனும் தாழ்வாரப் படியில் அமர்ந்து பேசிய பேச்சு, பல ஆண்டுகளாகப் பேசாமல் விட்ட பேச்சு.

இப்போது அந்த அறையில் மெல்லச் சுழலும் ஒரு விசிறியின் ஓசை மட்டுமே கேட்கிறது. வெப்பம் முழுவதும் வெளியேறிவிட்டதென்று சொல்ல மாட்டேன். மின்வழங்கியும் பிற பாகங்களும் இன்னும் சிறிது வெதுவெதுப்பைத் தந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் தாயார் உறங்குகிறார். சில மாலைகளில் சுவரோரக் குழாயைத் தொட்டுப் பார்த்து, “போயிட்டிருக்கு, போயிட்டிருக்கு” என்று தலையசைக்கிறார்.

நமக்கு வசதியான எத்தனையோ திட்டங்களை நாளும் தீட்டுகிறோம். நம் வேலை விரைவாக முடிய வேண்டும். நம் மனத்தின் சூடு தணிய வேண்டும். கணக்கும் சரியாகவே வருகிறது. ஆனால் நம்மிடமிருந்து இறங்கிய அந்தச் சூடு யார்மேல் விழுகிறது என்று கேட்டிருக்கிறோமா? அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை, நாம் கையில் வைத்திருப்பது இரண்டாம் தாள்தான்.